சேன் சுசான் மேட்டில் 520 சதுர மீட்டர், 92,000 யூரோ: வாங்கலாமா?

புதுமனை · 11 மே 2025, இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரியிலிருந்து இங்கே, பிரான்சின் ரீயூனியன் தீவுக்கு, வந்து ஆறு வருடம் ஆகிறது. சேன் தெனியில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள், என் அம்மா, நாங்கள் இருவர். அம்மாவுக்கு முட்டி வலி. மின்தூக்கி மாதத்தில் பாதி நாள் வேலை செய்வதில்லை. எனவே ஒரு மனை வாங்கி வீடு கட்டலாம் என்று முடிவு.

சேன் சுசானில் மேட்டுப் பக்கம் ஒரு மனை வந்திருக்கிறது. 520 சதுர மீட்டர், நம் ஊர்க் கணக்கில் இரண்டேகால் கிரவுண்டுக்கு மேல். விலை 92,000. அதே சாலையில் கீழே விசாரித்தால் 130க்கு மேல் சொல்கிறார்கள். கரும்புத் தோட்டத்தை ஒட்டிய இடம். நின்று பார்த்தால் கடல் தெரிகிறது. மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இடத்தின் அடியில் ஒரு மூங்கில் வரிசை, அதற்கு அப்பால் காய்ந்த ஓடை. உள்ளே போக மூன்றரை மீட்டர் அகல மண் பாதை.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஏழு பேர் சொத்து. தரகர் 'அடுத்த வாரமே கொம்ப்ரொமி (விற்பனை முன் ஒப்பந்தம்) போட்டுவிடலாம், இன்னொரு ஆள் காத்திருக்கிறார்' என்கிறார். போடலாமா?

கொத்தனார்மகன் · 11 மே, இரவு 10.15

இன்னொரு ஆள் எப்போதும் காத்திருப்பார் தம்பி. நானும் பன்னிரண்டு வருடம் முன்னால் ஒரு 'இன்னொரு ஆளுக்கு' பயந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

என் கதை: ப்ரா பனோன் மேலே, 600 சதுர மீட்டர், பார்க்கப் புல்வெளி மாதிரி. அப்பா ஊரில் கொத்தனார், நான் இங்கே கட்டட வேலை. எனக்குத் தெரியாத மண்ணா என்ற திமிர். ஜேசிபி வந்த முதல் நாள் காலை ஒரு முழ ஆழம் மண் வந்தது. அப்புறம் டங்கென்று சத்தம். ஒரு பாறை, அம்பாசடர் காரின் பானட் அளவு. எடுத்தோம். அதற்குக் கீழே அதன் அண்ணன். மூன்றாம் நாள் பாறை உடைக்கும் சுத்தியல் பூட்டின இயந்திரம் வரவழைத்தேன், மணிக்கணக்கில் வாடகை. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, டக்டக்டக் என்று, ஒவ்வொரு டக்குக்கும் ஒரு யூரோ. மண் வேலைக்கு 6,000 ஒதுக்கியிருந்தேன், 19,000 ஆயிற்று. சமையலறை அலமாரி இல்லாமல் இரண்டு வருடம் குடியிருந்தோம். மனைவி இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

இந்தத் தீவு முழுவதும் எரிமலைக் கல். மேலே மண் போர்வை எவ்வளவு தடிமன் என்பது பத்தடி நகர்ந்தால் மாறும். கையெழுத்துக்கு முன் மண் ஆய்வு செய்ய விற்பவர் சம்மதிக்கட்டும். சம்மதிக்காவிட்டால் அதுவே ஒரு பதில்.

சரிவு எவ்வளவு? பத்து மீட்டர் நடந்தால் எத்தனை மீட்டர் இறங்குகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

புதுமனை · 11 மே, இரவு 10.31

நன்றி அண்ணே. அளந்ததில்லை. மேல் பாதி கிட்டத்தட்ட சமம். கீழ் பாதி இறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொத்தனார்மகன் · 11 மே, இரவு 10.33

அப்போது அது மனை இல்லை, அரை மனை.

வெற்றிலைக்கொடி · 12 மே, காலை 6.20

தம்பி, நான் காரைக்கால். இந்தத் தீவுக்கு வந்து முப்பத்தொரு வருடம். பாறை கிடக்கட்டும், அதைக் காசு கொடுத்தால் உடைக்கலாம். நீங்கள் 'காய்ந்த ஓடை' என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் காபி ஆறிப்போயிற்று எனக்கு.

இங்கே அதற்குப் பெயர் ரவீன். வருடத்தில் முந்நூறு நாள் கல்லும் சருகுமாகக் கிடக்கும், ஆடு மேயும். மிச்ச நாளில் அது ஆறு. பிப்ரவரி 28ஆம் தேதி காரான்ஸ் புயல் வந்தபோது நீங்கள் மூன்றாவது மாடியில் இருந்திருப்பீர்கள், காற்றைத்தான் பார்த்திருப்பீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் கீழ்வீட்டுக்காரர்கள் தண்ணீரைப் பார்த்தோம். எங்கள் தெருவில் சேறு குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடி வரை ஏறியது. போன வருடம் ஜனவரியில் பெலால், அதற்கும் முன்னால் 2002இல் தினா. பழைய ஆட்களைக் கேட்டால் 1980 யாசிந்த் என்று ஆரம்பிப்பார்கள். அந்த மழையில் கொமெர்சோன் பள்ளத்தில் 15 நாளில் ஆறு மீட்டருக்கு மேல் பெய்தது, உலகச் சாதனை. மில்லிமீட்டர் இல்லை, மீட்டர்!

வெயில் நாளில் மனை பார்ப்பது கல்யாணப் பந்தலில் பெண் பார்ப்பது மாதிரி. கிழக்குப் பக்கம் மழைக்குப் பஞ்சமில்லை. நல்ல மழை பெய்யும் நாளாகப் பார்த்துக் குடை எடுத்துக்கொண்டு போங்கள். தரகர் வேண்டாம். பக்கத்து வீட்டில் வயதானவர் யாராவது இருப்பார், அவரிடம் பேசுங்கள்.

நொத்தேர்திண்ணை · 12 மே, மதியம் 1.05

நான் ஒரு நொத்தேர், அதாவது சொத்துப் பத்திரம் எழுதும் சட்ட அதிகாரி, அலுவலகத்தில் எழுத்தர். இது சட்ட ஆலோசனை இல்லை, திண்ணைப் பேச்சு. ஆனால் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொம்ப்ரொமி என்றால் நம் ஊர் அட்வான்ஸ் ரசீது மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். அது இரு பக்கத்தையும் கட்டும். வீடோ அடுக்ககமோ வாங்கினால், கையெழுத்துக்குப் பிறகு 10 நாள் மனம் மாறலாம், காரணம் சொல்ல வேண்டாம். லொத்திஸ்மான் எனப்படும் மனைப்பிரிவுக்குள் இருக்கும் மனைக்கும் அந்த 10 நாள் உண்டு. நீங்கள் பார்ப்பது மாதிரித் தனி மனைக்கு கிடையாது. போட்டால் போட்டதுதான். இதை ஒரு தரகரும் தானாகச் சொல்ல மாட்டார்.

எனவே உங்கள் காப்பு முழுவதும் அந்தக் காகிதத்தில் எழுதப்படும் நிபந்தனைகளில்தான். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும். கட்டட பெர்மி (அனுமதி) கிடைக்காவிட்டால் விலகலாம். மண் ஆய்வில் இன்ன தொகைக்கு மேல் அடித்தளச் செலவு என்று வந்தால் விலகலாம். எழுதாததை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது ஏழு பேர். பாகம் பிரியாத சொத்து, இங்கே அன்றாடம் பார்ப்பது. தாத்தா பெயரிலேயே நிற்கும், பேரன்கள் விற்க வருவார்கள். பொது விதிப்படி ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். 2018 டிசம்பரில் கடல்கடந்த மாகாணங்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது, லெச்சிமி சட்டம் என்பார்கள். வாரிசுரிமை திறந்து சட்டம் சொல்லும் வருடங்கள் தாண்டியிருந்தால், பாதிக்கு மேல் பங்குள்ளவர்கள் சேர்ந்தே விற்கலாம். ஆனால் மற்றவர்களுக்கு நொத்தேர் அறிவிக்க வேண்டும், அவர்கள் மறுப்புச் சொல்ல மூன்று மாதம் உண்டு, யாராவது மறுத்தால் நீதிமன்றப் படி. ஆக, 'அடுத்த வாரம்' என்ற பேச்சே எடுபடாது. ஏழில் எத்தனை பேர் சம்மதம் என்று கேளுங்கள்.

மூன்றாவது, அந்த மண் பாதை. யாருடையது?

புதுமனை · 12 மே, இரவு 8.50

ஐந்து பேர் சம்மதம். ஒருவர் லியோனில், 'போடுவார்' என்கிறார்கள். இன்னொரு தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லையாம். பாதை அவர்களுடைய சித்தப்பா மகனுடையது. 'நாற்பது வருடமாக எல்லோரும் போகிறோம், ஒன்றும் சொல்ல மாட்டார்' என்றார் தரகர்.

நொத்தேர்திண்ணை · 12 மே, இரவு 9.12

ஒன்றும் சொல்ல மாட்டார் என்பது பத்திரத்தில் எழுதும் வாக்கியம் இல்லை.

வழி இல்லாத நிலத்துக்குச் சட்டப்படி வழி கேட்க உரிமை உண்டு, சிவில் சட்டம் 682ஆவது பிரிவு. இழப்பீடு கொடுத்து வாங்கலாம். ஆனால் அதற்கு அவர் ஒப்ப வேண்டும், இல்லை நீதிபதி சொல்ல வேண்டும். அண்டை வீட்டோடு முதல் அறிமுகமே வழக்கு என்றால் எப்படி? இன்னொன்று: நடக்கவும் வண்டி ஓட்டவும் உரிமை எழுதினால் போதாது. தண்ணீர்க் குழாய், மின்கம்பி அந்தப் பாதையின் அடியில் போக வேண்டுமே. நிலத்தடி உரிமை என்று தனியாக எழுத வேண்டும். இதை மறந்து வீடு கட்டி முடித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். எட்டு மாதம் தண்ணீர்த் தொட்டி வண்டி வரவழைத்தார்.

சோம்பேறிச்சிங்கம் · 12 மே, இரவு 9.40

இவ்வளவு படித்தபின் எனக்கு வாடகை வீட்டின் மேல் பாசம் பொங்குகிறது.

உண்மையாகவே கேட்கிறேன், எல்லோருமாக அந்தத் தம்பியை ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்? இந்தத் தீவில் சரிவும் ரவீனும் இல்லாத இடம் எங்கே? அப்படிப் பார்த்தால் யாருமே வீடு கட்டியிருக்க முடியாது. 92க்கு இன்று எங்கே கிடைக்கும்? இல்லையென்றால் அதே பணத்துக்குப் புதுச்சேரியில் லாஸ்பேட்டை பக்கம் ஒரு மனை போட்டு வையுங்கள். ஓய்வுக்குப் பிறகு எப்படியும் அங்கேதானே போகப் போகிறோம்.

வெற்றிலைக்கொடி · 13 மே, காலை 5.55

எப்படியும் அங்கேதானே போகப் போகிறோம் என்று நான் முப்பத்தொரு வருடமாகச் சொல்கிறேன் சிங்கம். பேரன் இங்கே இந்தத் தீவு மொழி க்ரெயோலில் கனவு காண்கிறான்.

வன்னிமகள் · 13 மே, மாலை 6.18

நான் பாரிஸ் பக்கத்தில் பதினாலு வருசம் இருந்துவிட்டு இங்கே வந்தவள். எங்கட ஊரில் காணி வாங்குகிறதென்றால் முதல் உறுதியை (பத்திரத்தை) பார்ப்போம், அடுத்ததாக எல்லைக் கதியாலைப் பார்ப்போம். கதியால் வருசத்துக்கு ஒரு சாண் நகரும், சண்டை ஒரு தலைமுறை நடக்கும். இங்கேயும் அதே கதைதான், வேலி மட்டும் இரும்பு.

கதாஸ்த்ர் வரைபடத்தைக் காட்டி 'இதுதான் எல்லை' என்று சொன்னால் நம்ப வேண்டாம். அது வரி போடுவதற்காக வரைந்தது, எல்லைக்கு அத்தாட்சி இல்லை. அங்கீகாரம் பெற்ற நில அளவையாளர் வந்து, பக்கத்துக் காணிக்காரரையும் கூப்பிட்டு, எல்லாரும் ஒப்பமிட்டு எல்லைக் கல் நட வேண்டும். நாங்கள் வாங்கிய வளவில் அளந்தபோது பக்கத்து வீட்டுக் கோழிக்கூடு முழுசாக எங்கட பக்கம் இருந்தது. அந்த அம்மா நல்லவ. கூட்டை நகர்த்தினா, ஆறு முட்டையும் தந்தா.

விலைக்கு ஒரு வழி சொல்கிறேன். வரித்துறையே கடைசி ஐந்து வருச விற்பனை விலைகளை இணையத்தில் போடுகிறது, 'தே.வே.எஃப்' என்று தேடுங்கோ. அந்தச் சாலையில் உண்மையாக எவ்வளவுக்குக் கைமாறியது என்று தெரியும். சொல்கிற விலை வேறு, எழுதின விலை வேறு.

முதல் வீடு என்றால் வட்டியில்லாக் கடனும் கேட்டுப் பாருங்கோ. இந்த ஏப்ரலில் இருந்து தனி வீடு கட்டுகிறவைக்கும் எல்லா இடத்திலும் திறந்துவிட்டிருக்கினம். வருமான வரம்பு உண்டு.

பாக்குவெட்டி · 13 மே, இரவு 7.02

கரும்புத் தோட்டத்தை ஒட்டி என்றால் ஒரு சின்ன விஷயம். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை அறுவடை. கஷலோ என்று சொல்லும் அந்தப் பெரிய கரும்பு லாரிகள் எந்தச் சாலையில் இறங்குகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வாசலில் புவா ரூழ் ஆலைக்குப் போகிற வண்டி விடியற்காலை நாலரைக்கு ஆரம்பிக்கும். திமிங்கலம் என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

அப்புறம் யாரும் வாஸ்து கேட்கவில்லையே? மனை எந்தத் திசை பார்த்தது?

புதுமனை · 13 மே, இரவு 9.30

வடக்குப் பார்த்த மனை. அம்மா அதைத்தான் முதலில் கேட்டார். தென்கிழக்கு மூலையில் சமையலறை வர வேண்டும் என்று காகிதத்தில் படமே போட்டுவிட்டார்.

வெற்றிலைக்கொடி · 13 மே, இரவு 9.48

ஐயோ, நில்லுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கினி மூலை என்று மாமனார் அடம்பிடித்துத் தென்கிழக்கில்தான் அடுப்பு வைத்தோம். இந்தத் தீவில் வருடத்தில் பெரும்பாலான நாள் காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்துதான். வஞ்சிரம் வறுத்தால் அந்தப் புகை சமையலறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து படுக்கையறை, அங்கிருந்து மாமனார் தலையணை. மூன்று வருடம் அவரும் முகர்ந்தார். அப்புறம் அவரே 'அக்கினி பகவான் மேற்கிலும் இருப்பார்' என்று சொல்லிவிட்டார்.

வெயிலும் இங்கே தலைகீழ். ஜூன் மாதம் நடுப்பகலில் சூரியன் வடக்கே நிற்கும். வடக்குச் சன்னல் வழியாக வெயில் வந்து அம்மாவின் முட்டிக்கு இதமாக விழும். எனவே வடக்குப் பார்த்தது நல்லதுதான், ஆனால் ஊர்ப் பஞ்சாங்கம் சொல்லும் காரணத்துக்காக இல்லை. பூமி பூஜை போடுங்கள், தேங்காய் உடையுங்கள், நிலைவாசலுக்கு மஞ்சள் பூசுங்கள். அடுப்பை மட்டும் காற்றைப் பார்த்து வையுங்கள்.

கொத்தனார்மகன் · 14 மே, காலை 7.10

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு.

தம்பி, வேலையாக ஒன்று செய்யுங்கள். சே.யூ. எனப்படும் நகரமைப்புச் சான்றிதழ் கேட்டு மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) மனு போடுங்கள். இரண்டு வகை உண்டு. வெறும் தகவல் சொல்வது ஒன்று, 'இந்த இடத்தில் இப்படி ஒரு வீடு கட்ட முடியுமா' என்பதற்குப் பதில் சொல்வது இன்னொன்று. இரண்டாவதைக் கேளுங்கள். காசு கிடையாது, சொந்தக்காரராக இருக்க வேண்டியதும் இல்லை. பதிலுக்கு இரண்டு மாதம், செல்லுபடி 18 மாதம். தண்ணீர், மின்சாரம், சாலை எது இருக்கிறது எது இல்லை என்பதும் அதில் வரும்.

பே.பே.ஏர். எனப்படும் வெள்ளம், மண்சரிவு போன்ற அபாயங்களைக் காட்டும் வரைபடத்தை இன்றைக்கே பாருங்கள். சிவப்பு என்றால் கட்டக்கூடாது, நீலம் என்றால் நிபந்தனையோடு கட்டலாம். அந்த அபாய அறிக்கைக் காகிதத்தை விற்கிறவர் முதல் முறை மனை காட்டும்போதே தந்திருக்க வேண்டும். தந்தார்களா?

புதுமனை · 14 மே, இரவு 8.05

தரவில்லை. கேட்டதற்கு, 'கொம்ப்ரொமியோடு சேர்த்துத் தருவோம்' என்றார்.

சே.யூ. மனு இன்று கொடுத்துவிட்டேன்.

புதுமனை · 1 ஜூன், இரவு 8.40

இன்று ஞாயிறு. காலையிலிருந்து கொட்டுகிறது. வெற்றிலைக்கொடி அக்கா சொன்னது நினைவுக்கு வந்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதலில் பாதை. மண் பாதை என்றேன் அல்லவா, இன்று அது ஒரு வாய்க்கால். என் கார் பாதி தூரத்தில் சறுக்கி நின்றது. இறங்கி நடந்தோம். மனையின் மேல் பாதியில் தண்ணீர் தேங்கவில்லை, அது நல்ல சேதி. கீழ்ச் சரிவில் இறங்கினால் மூங்கிலுக்குப் பின்னால் சத்தம். பார்த்தால் ஓடை இடுப்பளவு, காபித்தூள் நிறத்தில் ஓடுகிறது. இது சாதாரண மழை, புயல் கூட இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு மல்பார் (இங்கே தமிழ் வம்சாவளியினரை அப்படிச் சொல்வார்கள்) பெரியவர், எண்பது இருக்கும். நாங்கள் நனைவதைப் பார்த்துத் திண்ணைக்குக் கூப்பிட்டார். தமிழ் வராது, க்ரெயோல்தான். ஆனால் என் மனைவி நெற்றிக் குங்குமத்தைப் பார்த்து 'சாமி' என்றார், 'தண்ணி' என்றார், 'முருங்கை' என்று வேலியோர மரத்தைக் காட்டினார். அவருடைய தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவராம். அந்த ஊர்ப் பெயரை அவர் சொன்ன விதத்தில் எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. மனைவி கூகுள் வரைபடத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒவ்வொரு ஊராகப் படித்துக் காட்டினாள். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மழை கொஞ்சம் விட்டதும் கோலை ஊன்றிக்கொண்டு எங்களோடு வந்தார். எங்கள் மனையில், அதாவது நாங்கள் வாங்க நினைத்த மனையில், ஒரு பலாமரம் இருக்கிறது. ஓடையிலிருந்து பன்னிரண்டு எட்டு தூரம் இருக்கும். அதன் தண்டில் என் மார்பு உயரத்தில் கோலால் தட்டினார். 'காரான்ஸ்' என்றார். அந்த இடத்தில் மரப்பட்டை இடுக்கில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பைத்துண்டு இன்னும் சிக்கிக் கிடந்தது. நான் இரண்டு முறை இந்த மரத்தடியில் நின்று கடலைப் படம் எடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பே.பே.ஏர். வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். பலாமரத்துக்குக் கீழே எல்லாம் சிவப்பு. சுமார் 190 சதுர மீட்டர்.

நொத்தேர்திண்ணை · 1 ஜூன், இரவு 9.15

அந்தப் பெரியவருக்கு ஒரு கட்டு வெற்றிலையாவது வாங்கிக் கொடுங்கள். ஒரு நிபுணருக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கிறார்.

சோம்பேறிச்சிங்கம் · 1 ஜூன், இரவு 9.22

சரி, 520இல் 190 போனால் 330. அது போதாதா ஒரு வீட்டுக்கு? சிவப்பில் வாழை போடலாம், முருங்கை போடலாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள் என்கிறேன். நான் இன்னும் வாங்கு கட்சிதான்.

கொத்தனார்மகன் · 2 ஜூன், காலை 6.45

சிங்கம் சொல்வது முழுக்கத் தவறில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

330இல் சரிவுக்கு மேலே தடுப்புச் சுவர் கட்டி அதற்கு இடம் விட வேண்டும். இரண்டு கார் நிறுத்தித் திருப்ப வேண்டும். அங்கே கழிவுநீர்க் குழாய் இல்லை என்பது நிச்சயம், எனவே சொந்தக் கழிவுநீர் அமைப்பு. மண்ணில் பரப்பி வடிக்கிற வகை என்றால் வீட்டிலிருந்து 5 மீட்டர், எல்லையிலிருந்து 3 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்வார்கள். சரிவில் அது சிக்கல். இடம் போதாவிட்டால் சின்ன சுத்திகரிப்புத் தொட்டி வைக்கலாம், அதற்கு மின்சாரமும் பராமரிப்பும் வேண்டும். அந்த அமைப்புக்கு ஒப்புதல் தாள் இல்லாமல் பெர்மி மனுவே வாங்க மாட்டார்கள். எல்லாம் போக வீட்டுக்கு 90, 100 சதுர மீட்டர் தரை தேறும். அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் அறை வேண்டும் அல்லவா? பிள்ளைகளை மேலே ஏற்ற வேண்டியதுதான். தரைப்பரப்பு மொத்தம் 150ஐத் தாண்டினால் கட்டடக் கலைஞர் கட்டாயம், அந்தச் செலவு தனி.

92ஐ 330ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 280 யூரோ. கீழே 130 சொன்ன மனை எத்தனை சதுர மீட்டர்?

புதுமனை · 2 ஜூன், காலை 7.30

450. சமதரை. வகுத்துப் பார்த்தேன், 289. நான் மலிவு என்று எதை நினைத்தேன் என்று இப்போது எனக்கே புரியவில்லை. கடலையா?

வன்னிமகள் · 2 ஜூன், மாலை 6.00

அதோட நொத்தேர் செலவு, மனைக்கு ஏழெட்டு விழுக்காடு வரும். பாதைக்குச் சரளை. கம்பியும் குழாயும் சாலையில் இருந்து இழுக்கிற காசு. கட்டினபிறகு கட்டுமான வரி. இதையெல்லாம் எழுதின ஒரு தாளைக் குளிர்பதனப் பெட்டியில ஒட்டி வையுங்கோ. நாங்கள் அப்படித்தான் செய்தோம், கடல் தெரிகிற படம் அதுக்குப் பக்கத்தில.

புதுமனை · 19 ஜூலை, இரவு 9.10

தாமதத்துக்கு மன்னிக்கவும். சே.யூ. பதில் வந்தது. மேல் பகுதியில் கட்டலாம், நிபந்தனைகளோடு. தண்ணீர்க் குழாய் பொதுச் சாலையில்தான், மனையிலிருந்து 85 மீட்டர். பாதைக்கான உரிமையைக் காட்ட வேண்டும்.

தாளை எடுத்துக்கொண்டு பேரம் பேசினேன். 78,000க்கு இறங்கினார்கள்! லியோன் அண்ணனும் சம்மதம். சிங்கம் சந்தோஷப்பட வேண்டாம். சித்தப்பா மகனைப் போய்ப் பார்த்தேன். காபி கொடுத்தார், ரொம்ப மரியாதை. 'நீங்கள் போகலாம், வரலாம், உங்கள் பிள்ளைகளும் போகலாம்' என்றார். அதை நொத்தேர் முன்னால் எழுதித் தர முடியுமா என்றதும் குவளையைக் கீழே வைத்தார். பெரியப்பா குடும்பத்தோடு பழைய கணக்கு ஏதோ பாக்கியாம். 'அவர்களுக்காக ஒரு கையெழுத்தும் போட மாட்டேன்.' நான் அவர்கள் இல்லையே என்றேன். 'மனை அவர்களுடையதுதானே' என்றார்.

விட்டுவிட்டேன். மனைவி இரண்டு நாள் பேசவில்லை, என்னோடு இல்லை, பொதுவாக.

நொத்தேர்திண்ணை · 19 ஜூலை, இரவு 9.34

நல்ல வேளை, கையெழுத்துக்கு முன் கேட்டீர்கள். மே மாதம் போட்டிருந்தால் இதே குவளைக் காட்சி, ஆனால் மனை உங்களுடையது.

பாக்குவெட்டி · 20 ஜூலை, காலை 8.00

இந்தப் பக்கம் கஷலோ ஆரம்பித்துவிட்டது. நாலரை மணி. சும்மா சொன்னேன்.

புதுமனை · 14 ஆகஸ்ட், இரவு 9.25

புதுச் சேதி. ப்ரா பனோனில் ஒரு லொத்திஸ்மானில் 340 சதுர மீட்டர், 101,000. சாலை, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய் எல்லாம் வாசலில். எல்லைக் கல் நட்டிருக்கிறது, நான்கையும் காலால் உதைத்துப் பார்த்தேன். வரைபடத்தில் சிவப்பு இல்லை, நீலம் இல்லை. வடகிழக்கு பார்த்தது. அம்மா சமையலறையை மேற்கே மாற்றிப் புதுப் படம் போட்டிருக்கிறார், ஆனால் பூஜையறையில் விட்டுக்கொடுக்கவில்லை. கடல் தெரியாது. பக்கத்து வீட்டு லிச்சி மரம் தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை கொம்ப்ரொமி போட்டோம். கடன், பெர்மி, மண் ஆய்வு மூன்று நிபந்தனையும் எழுதியாயிற்று. பத்து நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கொத்தனார்மகன் அண்ணே, நீங்கள் ப்ரா பனோன்தானே? சனிக்கிழமை வந்து ஒரு பார்வை பார்ப்பீர்களா? மண் ஆய்வு அறிக்கை வர மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். எனக்கு அது வரை தூக்கம் வராது.

வெற்றிலைக்கொடி · 14 ஆகஸ்ட், இரவு 9.40

அந்த மல்பார் தாத்தாவைப் போய்ப் பார்த்தீர்களா தம்பி?

புதுமனை · 14 ஆகஸ்ட், இரவு 9.44

போனோம் அக்கா. வெற்றிலை கொண்டுபோனோம். முருங்கைக் கிளை ஒன்று வெட்டிக் கொடுத்திருக்கிறார், புது மனையில் நட. இப்போது பால்கனியில் வாளித் தண்ணீரில் நிற்கிறது.

கொத்தனார்மகன் · 14 ஆகஸ்ட், இரவு 10.02

வாளித் தண்ணீரில் வைக்காதீர்கள், அழுகிவிடும். நிழலில் காய வைத்து மண்ணில் ஊன்றுங்கள்.

சனிக்கிழமை காலை 7 மணி. கடப்பாரை என்னிடம் இருக்கிறது, நான்கு மூலையிலும் நடுவிலும் குத்திப் பார்ப்போம். அறிக்கைக்குப் பதில் இல்லை அது, ஆனால் டங்கென்று வந்தால் இரண்டு பேருக்கும் கேட்கும். செருப்போடு வராதீர்கள்.